நீலம் மட்டும் கண்ட தகடு

கல்பிட்டியில் திறக்கவிருந்த ஒரு ஹோட்டலின் சுவருக்காக, புத்தளம் களப்பின் பழைய கருப்பு வெள்ளைப் படமொன்று நளீமின் ஸ்டூடியோவுக்கு வந்தது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கண்ணாடித் தகட்டில் எடுத்தது. முன்னால் இரண்டு தோணிகள் கன்னங்கரேலென்று கிடந்தன. அக்கரையோ வெளிறிப்போய், வெற்று வானத்தோடு கரைந்திருந்தது. அதைத் தெளிவாக்கி, வானத்தில் முகிலும் போட்டுத் தரும்படி ஹோட்டல்காரர் றிஸ்கான் கேட்டிருந்தார்.

அங்கே கணினியில் படம் திருத்துகிறவள் ஸும்றா. கீறல்களையெல்லாம் அழித்தவள், அக்கரைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அந்த மங்கல் தகட்டின் அழுக்கென்றால் தோணிகள் மேலும் படிந்திருக்க வேண்டும். இது தூரம் கூடக் கூடத்தான் தடித்தது.

"இது பழுதில்ல நானா. அண்டைக்குக் காத்துல இருந்த மூட்டம்," என்று தான் அண்ணனாய் மதிக்கும் நளீமிடம் சொன்னாள்.

நளீம் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கரையை அவ்வளவு மங்கலாகத் தான் ஒருநாளும் கண்டதில்லை என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு ஸும்றா கமராவோடு களப்புக் கரைக்குப் போனாள். மெல்லிய மூட்டம் இருந்தது. ஆனாலும் அக்கரைத் தென்னைகளும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் தெரியத்தான் தெரிந்தன. அடுத்த நாளும் அப்படியே. நளீம் சொன்னதுதான் சரியோ என்று யோசித்தாள். ஆனால் விட மனமில்லை. அக்காலத் தகடுகளைப் பற்றித் தேடித் தேடி வாசித்தாள். அவற்றுக்குச் சிவப்பு தெரியாது, பச்சையும் மட்டுமட்டு, நீல ஒளிதான் உறைக்கும் என்றிருந்தது. தூரத்து மூட்டத்தில் சிதறி வருவதும் நீலம்தானே.

உடனே தான் எடுத்த படத்தில் நீலத்தை மட்டும் விட்டு, மற்றதைக் கழித்துக் கருப்பு வெள்ளையாக்கினாள். தென்னைகள் வெளிறின. புகைபோக்கி பாதி கரைந்தது. வானம் வெற்றுக் கடதாசியாயிற்று.

நளீம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயே றிஸ்கானோட கதைச்சுப் பாரு, தங்கச்சி," என்றார்.

வெள்ளி பின்னேரம் றிஸ்கான் வந்தார். ஸும்றா படங்களைக் காட்டி எல்லாம் விளக்கினாள்.

"முகில் போடச் சொன்னா போடுவன் சேர். ஆனா அது அந்தத் தகடு கண்டதா இருக்காது."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படங்களை உற்றுப் பார்த்தார். முகில் வேண்டாம், அக்கரையை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கலாமே என்றார். அதுவும் பொய்யாகிவிடும் என்றாள் அவள். கடைசியில் உள்ளபடியே அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பு அச்சகத்திலிருந்து வந்த முதல் அச்சில் அக்கரை கறுத்திருந்தது. ஸும்றா திருப்பி அனுப்பினாள். இரண்டாவதையும் அனுப்பினாள். மூன்றாவதில்தான், தகட்டில் உள்ளது போலவே, தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறதென்று தெரியாமலிருந்தது. அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டாள்.