பெயரைச் சொல்லாதீர்கள்

1

இந்தக் கதையை நான் முதலில் எழுதியது நீதிமன்றத்துக்காக. மூன்று பக்கம், கீழே என் கையெழுத்து.

ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரில் ஒரு வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசிகளை எடுப்பவன் நான். யார், எங்கிருந்து, என்ன விஷயம் என்று கேட்டுக் கணினியில் ஒரு வரி தட்டுவேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் நிகழ்ச்சியை நடத்தும் ஹமாதி அதைத் தன் திரையில் படித்துவிட்டு, யாரைப் பேசவிடலாம் என்று விரலைக் காட்டுவார். ஏழு நிமிடம் நீடித்த ஓர் அழைப்பை எழுத்தில் தரும்படி நீதிமன்றம் கேட்டது. கொடுத்தேன். அதில் எல்லாம் இருந்தது, நான் செய்ததைத் தவிர. ஆகவே மறுபடி எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்:

"அந்தக் காலையில் ஸ்ஃபாக்ஸில் மழை பெய்து —"

பெய்யவில்லை. வெயில் அடித்தது.

"சூடானிலிருந்து வந்த இக்லாஸ், தன் ஊர் எரிந்ததை நினைத்து —"

என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பேசி நான் கேட்டது நான்கு வாக்கியம். அதை வைத்துக்கொண்டு ஒருத்தியின் மனதுக்குள் நுழைய முடியாது.

"தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வஸீலா கேட்டுக்கொண்டார்."

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அந்தக் குளிர்காலத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. தங்குவதற்கான காகிதம் இல்லாத வெளிநாட்டவர்களுக்கு வீடு கொடுக்கலாமா, கூடாதா? சட்டம் பழையதுதான்; கொடுத்தால் தண்டனை என்று எப்போதோ எழுதியிருக்கிறது. யாரும் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தார்கள். திடீரென்று எல்லோருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

"என் மருமகன் ரெண்டு வருஷமா வேலையில்லாம காபிக் கடையில குந்திக்கிட்டிருக்கான், ஹமாதி. இவங்க வந்ததுதான் காரணம்" என்றார் ஒருவர்.

அடுத்து வந்த பெண் சிரித்தாள். "அவன் குந்துறதுக்குச் சூடான்காரன் என்னய்யா பண்ணுவான்? முதல்ல அவனை எந்திரிக்கச் சொல்லுங்க! நம்ம பசங்க படகேறி இத்தாலிக்குப் போறாங்களே, கையில என்ன காகிதம் வச்சிருக்காங்களாம்?"

ஹமாதி கையைத் தேய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி சூடுபிடித்துவிட்டது.

அப்போதுதான் வஸீலா அழைத்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் சீட்டு கொடுத்து ஓய்வு பெற்றவர். குரலிலேயே வரிசையில் நிற்கச் சொல்வார்.

"மகனே, ஒரு சட்ட சந்தேகம். உங்க வக்கீல் அங்கதான இருக்காரு? கீழ் அறையில ஒரு சூடான் பொண்ணு இருக்கா. ஐ.நா. ஆபீஸ்ல குடுத்த புகலிட அட்டை வச்சிருக்கா. அது காகிதமா, இல்லையா? அவ்வளவுதான் தெரியணும்."

"உங்க பேரு, லல்லா?" மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்போம்.

"வஸீலா. ரயில்வே குடியிருப்பு. பேரைச் சொல்லிடாதீங்க, என்ன?"

"சரி, லல்லா."

தட்டினேன்: வஸீலா, ரயில்வே குடியிருப்பு, வீட்டில் சூடான் பெண்.

[பெயர் வேண்டாம் என்று தட்டவில்லை. தொலைபேசியில் ஆறு விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன, மறந்துவிட்டேன் என்று விசாரணையில் சொன்னேன். பெயர் இல்லாத அழைப்பை ஹமாதி எடுப்பதில்லை. இது நல்ல அழைப்பு என்று எனக்குத் தெரியும். மறந்தேனா என்பதை வாசகரிடமும் இதற்கு மேல் சொல்ல இயலவில்லை.]

4

"ரயில்வே குடியிருப்பிலேர்ந்து வஸீலா!" என்று ஹமாதி ஊருக்கே அறிவித்தார்.

மறுமுனையில் ஒரு மூச்சு நின்றது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பேசினார். கீழ் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றார். அட்டையைப் பற்றிக் கேட்டார்.

எங்கள் நிகழ்ச்சியின் வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "லல்லா, அது மனு குடுத்ததுக்கு அத்தாட்சி. தங்குறதுக்கு அனுமதி இல்ல. நம்ம நாடு அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கு. ஆனா புகலிடத்துக்குன்னு தனிச் சட்டம் போடல."

"அப்ப கையெழுத்து எதுக்குப் போட்டாங்க?"

"அது... சர்வதேச விஷயம்."

"சரி, அவ நாட்டுல இருக்கலாமா?"

"மனு நிலுவையில இருக்கிற வரைக்கும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஒரு வாதம் இருக்கு."

"என் வீட்டுல இருக்கலாமா?"

"அது உங்களுக்குச் சிக்கல்."

"நாட்டுல இருக்கலாம், வீட்டுல இருக்கக் கூடாது. அப்ப எங்க இருப்பா, தந்திக் கம்பியிலயா?"

அதற்குள் வேறொரு நேயரை ஹமாதி இணைத்துவிட்டார். அந்த ஆள் வஸீலாவைத் திட்டிய சொற்களை நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இங்கே எழுத மாட்டேன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் தொலைபேசி கைமாறியது. இக்லாஸின் நான்கு வாக்கியங்கள் இவை:

"அவங்களைத் திட்டாதீங்க. நான் கேட்டுத்தான் வந்தேன். இன்னிக்கே போயிடறேன். லல்லா, அடுப்பை அணைச்சிட்டேன்."

5

நண்பகல் தொழுகைக்கு முன் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வஸீலாவின் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இக்லாஸ் போய்விட்டாள். வஸீலாவை அழைத்துப்போய் மாலையில் விட்டார்கள், வழக்கு பதிவாயிற்று. மறுநாள் அவர் வாசலில் யாரோ மூடிவைத்த கூஸ்கூஸ் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. கதவில் யாரோ கரியால் துரோகி என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே கையாக இருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் முந்தைய வரைவு ஒன்றில், இத்தாலியின் பாலெர்மோவில் காகிதமில்லாமல் வாழும் ஒரு மகனை வஸீலாவுக்குக் கொடுத்திருந்தேன். அவர் ஏன் இடம் கொடுத்தார் என்று வாசகர் கேட்பாரே என்ற பயம். வஸீலாவுக்குப் பிள்ளைகள் இல்லை. காரணத்தை நீதிபதி கேட்டபோது அவர் சொன்ன பதில்: "அறை காலியா இருந்துச்சு."

6

விசாரணையில் நானும் சாட்சி. நான் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தில், வாடகைக்கு என்ற சொல் வரவேண்டிய இடத்தில், "தெளிவாகக் கேட்கவில்லை" என்று இருந்தது.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏழு நிமிஷத்துல இந்த ஒரு சொல் மட்டும் கேக்கலையா?"

"லைன் சரியில்ல, மேடம்."

"அந்தச் சொல்லுக்கு மட்டும் லைன் சரியில்ல."

"ஆமா, மேடம்."

நீதிபதி வஸீலாவிடம் திரும்பினார். "வாடகைக்கு விட்டீங்களா?"

வஸீலா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "விருந்தாளி" என்றார்.

"எத்தனை நாளா?"

"பதினோரு மாசமா."

கூடத்தில் சிரிப்பு.

"பெரிய விருந்துதான்."

"என் கைப்பக்குவம் அப்படி, மேடம்."

மூன்று மாதச் சிறைத் தண்டனை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது; உள்ளே போக வேண்டியதில்லை. வெளியே வந்ததும் வஸீலாவின் வழக்கறிஞர் என் தோளைத் தட்டினார். "வாடகையோ விருந்தோ, சட்டத்துக்கு எல்லாம் ஒண்ணுதான் தம்பி. சும்மா பொய் சொல்லி மாட்டிக்கப் பாத்தியே." எனக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. முதல் முறை உண்மையைத் தட்டினேன். இரண்டாம் முறை பொய்யைத் தட்டினேன்.

7

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் இக்லாஸ் கடலைத் தாண்டி, மறுபடியும் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் (சூடானில் அவள் கணக்கு ஆசிரியை, வஸீலா சொன்னது). இன்னொன்றில் எல்லைப் பாலைவனத்தில் ஒரு போலீஸ் பேருந்து அவளை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. முதலாவதைப் படித்தபோது நான் நல்லவன் என்று எனக்கே தோன்றியது. இரண்டாவதைப் படித்தபோதும் அப்படியே. இரண்டையும் அழித்தேன்.

பிறகு, இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு வஸீலாவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பாதாம் போட்ட தேநீர் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. முழுவதையும் நின்றுகொண்டே படித்தார்.

"என் பேரு இருக்கட்டும். அதான் ஊருக்கே தெரியுமே. அவ பேரு?"

"மாத்திட்டேன், லல்லா. அவ ஊரு, வேலை எல்லாத்தையும்."

"முடிவு என்ன எழுதப்போற?"

"நீங்க சொன்னா, அதை எழுதறேன். அவங்க எங்க இருக்காங்க?"

காகிதங்களைத் தட்டிச் சேர்த்து என்னிடம் நீட்டினார். "உன்கிட்ட ஒரு தடவை ஒண்ணை நம்பிச் சொன்னேன், மகனே."

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொன்னாரா, இல்லையா? சொல்லியிருந்தால் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தெரியாது. இந்தப் பக்கத்தை யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆகவே இந்த முறை எதையும் தட்டவில்லை.