மூன்றாவது தறி

என் மகள் கிருபா ஆடிய ஆட்டத்தை ஒரு பத்திரிகை 'புதிய பாதை' என்று புகழ்ந்தது. இன்னொன்று 'நாற்பது நிமிட இரைச்சல்' என்றது. முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்களாம். நானாக இருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பேன். சரவணம்பட்டியில் ஐடி கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆடப்போகிறேன் என்றவளோடு நான் ஆறு மாதமாகப் பேசவில்லை.

கடைசியில் அவளே கருமத்தம்பட்டிக்கு வந்து சமாதானம் பேசினாள். இரண்டாம் நாள் ஆட்டத்தை நான் வந்து பார்க்க வேண்டும். இது ஆட்டமே இல்லை என்று நான் சொல்லிவிட்டால் பழையபடி வேலைக்குப் போய்விடுவாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினேன்.

மேடையில் சலங்கை இல்லை, பாட்டு இல்லை. விசைத்தறி ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து அலறவிட்டிருந்தார்கள். இருபத்தைந்து வருடமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிற சத்தம். இதற்கு டிக்கெட் வேறு. இல்லாத நான்கு தறிகளுக்கு நடுவே கிருபா போகிறாள், வருகிறாள், குனிகிறாள். பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணை மூடினேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. கண்ணை மூடிவிட்டால் காதுக்கு அரங்கம் ஏது, தறிக்குடோன் ஏது? திடீரென்று ஒரு தறியின் தாளம் தப்பியது. நூல் அறுந்தால் அப்படித்தான் கேட்கும்.

"மூணாவது தறி நிக்குது, பாரு கண்ணு" என்று கத்திக்கொண்டே ஓடி மேடையேறிக் கையை நீட்டினேன். கையில் காற்றுதான் அகப்பட்டது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. மானம் போயிற்று.

கிருபா சிரிக்கவில்லை. நான் கை நீட்டிய இடத்துக்கே வந்து, இல்லாத நூலின் இரண்டு முனைகளையும் எடுத்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள். பல்லால் கடிப்பது என்னுடைய கெட்ட பழக்கம். எங்கள் குடோனில் மற்றவர்களெல்லாம் கத்தரிதான் வைத்திருப்பார்கள். எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்த சின்ன வயதில் பார்த்துவைத்திருக்கிறாள். ஆறு மாதம் பேசாமல் இருந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் பத்திரிகை, பார்வையாளரையே மேடையேற்றிய புதுமை என்று எழுதியது. இரண்டாவது, கிழவர் ஒருவரை நடிக்கவிட்டு ஏமாற்றினார்கள் என்றது. நான் கிழவனாம். இரண்டையும் போனில் வாசித்துக் காட்டிவிட்டுக் கிருபா கேட்டாள்.

"சொல்லுங்கப்பா. இது ஆட்டமுங்களா, இல்லீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா மூணாவது தறி நின்னப்ப நீ மெதுவாத்தான் வந்தே. அடுத்த ஆட்டத்துல சுருக்கா வா."