கொதிதண்ணீரில் போட்ட மரகதம்

சுகுணாவுக்குக் கை சும்மா இருக்காது. இரவல் வாங்கிய மோதிரத்தை வாங்கினபடியே திருப்பிக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மகன் ரஞ்சித்குமாரின் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள நாத்தனார் சசிகலாவிடம் வாங்கிய மரகத மோதிரம் அது. சசிகலாவின் கணவர் மாதவராஜ் லாரி ஓட்டிய காலத்தில் ஜெய்ப்பூரில் வாங்கி வந்தது. மனிதர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் வாங்கித் தந்ததில் அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

சந்தனம் அப்பிய மோதிரத்தை அப்படியே கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? கடத்தூரில் தன் அம்மா நகை கழுவுகிற மாதிரியே சுகுணாவும் பூந்திக்கொட்டை போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். தன் சங்கிலி, தன் பச்சைக்கல் மோதிரம், இரவல் மோதிரம் மூன்றையும் அதில் போட்டாள். எடுத்துப் பார்த்தால் தங்கம் பளபளவென்று இருந்தது. அவளுடைய கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சசிகலாவின் கல்லில் மட்டும் வெள்ளை வெள்ளையாக விரிசல்.

போய்ச் சொல்லியிருக்கலாம். வாய் வந்தால்தானே! தன் மோதிரத்தில் இருந்தது அம்மா கொடுத்த கல், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆசாரியிடம் போய் அதைக் கழற்றி சசிகலாவின் மோதிரத்தில் பதிக்கச் சொன்னாள். "தங்கம்னா சொல்லுவனுங்க, கல்லப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் பதித்துக் கொடுத்தார். அம்மாவின் கல்லையே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று சுகுணாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. அரூரில் இருந்த சசிகலாவிடம் மோதிரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள், விரிசல் விட்ட கல்லை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க மறுபடியும் அரூருக்கு பஸ் ஏறினாள். ராசிக்கல் கடைக்கார அன்பு லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அசல் மரகதமுங்க. உள்ளார பாசி படிஞ்ச மாதிரி கோடு ஓடுது பாருங்க. மண்ணுல வெளஞ்ச கல்லுன்னா இப்படித்தான் இருக்கும். துளி மாசு இல்லாம இருந்தாத்தான் நாங்க சந்தேகப்படுவோம்."

"அப்ப இந்த வெரிசலு?"

"அது பொறக்கும்போதே இருக்கறதுங்க. பட்டை தீட்டுறவங்க எண்ணெய் ஏத்தி மறைப்பாங்க, மரகதத்துக்கு வழக்கமாச் செய்யறதுதான். சுடுதண்ணியில போட்டீங்களா?"

தலையை ஆட்டினாள்.

"எண்ணெய் வெளிய வந்திருச்சு. திரும்ப ஏத்திக்கலாம். இனிமே ஈரத்துணியில தொடச்சாப் போதும். இப்படியே வித்தாக்கூட ஒரு லட்சத்துக்குக் கொறையாதுங்க." கல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே அன்பு சொன்னான். "காலையில ஒரு அம்மா, பொண்ணு காலேஜுக்குன்னு, இதே அளவுல ஒரு மோதிரம் விக்கக் கொண்டாந்தாங்க. கல்லுக்குள்ள ஒரே குமிழு, சுத்தமான கண்ணாடி. வூட்டுக்காரரு ஜெய்ப்பூர்ல வாங்குனதாம். அவரு செத்துட்டாராம். கண்ணாடின்னு சொன்னதும் பேச்சே வரலீங்க, பாவம்."

ஜெய்ப்பூர் என்றதுமே அது சசிகலா என்று சுகுணாவுக்குத் தெரிந்துவிட்டது. தியாகம் என்று நினைத்துச் செய்தது திருட்டாகிப் போயிருந்தது. அம்மா கல் கண்ணாடி என்பதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. காகித மடிப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சசிகலா வீட்டுக்கு ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கால் வைத்தவள் சுவரைப் பார்த்துத் திக்கென்று நின்றாள். மாதவராஜின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. சந்தன மாலை மூலையில் கிடந்தது.

"வாங்கண்ணி" என்றாள் சசிகலா. குரலில் உயிரே இல்லை. "இருவது வருசம் என்னைய ஏமாத்தியிருக்காரு அண்ணி. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கேன்."

சுகுணா மடிப்பைப் பிரித்து அவள் உள்ளங்கையில் கல்லை வைத்தாள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தொடங்கி ஆசாரி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். கல்லுக்குத் திரும்ப எண்ணெய் ஏற்றலாம் என்றும் சொன்னாள். சசிகலா அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"அப்ப அவரு பொய் சொல்லல."

"இல்ல சசி. பொய் சொன்னது நான்தான்."

சசிகலா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை இழுத்தாள். கண்ணாடி குறுக்கே உடைந்திருந்தது. முந்தானையால் படத்திலிருந்த முகத்தை மட்டும் துடைத்தாள்.

"கல்லு கெட்டுப்போச்சுன்னு வந்து சொல்லியிருந்தா, போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன் அண்ணி. காலையில இவரு மூஞ்சியப் பாத்து நான் பேசுன பேச்சை யாருகிட்டப் போயித் திருப்பி வாங்கறது?"

சசிகலா படத்தை அதே ஆணியில் மாட்டினாள். தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி சுகுணாவின் கையில் வைத்தாள்.

"உங்க கண்ணாடிய நீங்களே எடுத்துட்டு, தங்கத்தை மட்டும் குடுத்து அனுப்புங்க. நீங்க வர வேண்டாம்."