மிச்சம் பன்னிரண்டு காலர்

அந்த ஆள் என் அறைக்குள் வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவர் முகம் இல்லை, இடது மணிக்கட்டில் இருந்த கடிகாரம். வலது கை பக்கவாதத்தில் சுருண்டு கிடந்தது. அந்த நிலையிலும், பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறீர்களே என்று குறைபட்டுக்கொண்டார். அந்தக் குரலை நான் எப்படி மறப்பேன்?

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர், நான் பதினாலாம் மெஷின். சட்டைக்குக் காலர் தைப்பது என் வேலை. கையில் ஸ்டாப்வாட்ச்சோடு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். டிக்டிக் என்று அவருக்குப் பேர் வைத்திருந்தோம். ஒருநாள் அப்படி நின்று விரட்டியதில் ஊசி என் ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. அவர் வாட்ச்சை நிறுத்தவில்லை. "மிச்சம் பன்னெண்டு காலரை உங்கப்பனா வந்து தைப்பான்?" என்று கேட்டார். அந்த வாரக் கடைசியில், கை மந்தம் என்று சொல்லி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அந்த நகம் இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது.

அப்புறம் நான் படித்து பிசியோதெரபிஸ்ட் ஆனேன். ஆனாலும் கறுவிக்கொண்டேதான் இருந்தேன். என்றைக்காவது அந்த ஆளைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். இப்போது அவரே வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. தினமும் மனைவிதான் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுகிறாளாம், அது அவமானமாக இருக்கிறதாம். தன் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டால் போதும் என்றார். பெரிய டாக்டர் எட்டு வாரப் பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தார்.

எங்களிடம் ஒரு பலகை உண்டு. அதிலுள்ள ஒன்பது ஓட்டைகளில் ஒன்பது குச்சிகளைச் செருக வேண்டும். வாரம் ஒருமுறை நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். நான் தினமும் ஐந்து முறை செய்யச் சொன்னேன். அதற்கென்றே ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சீக்கிரம் சார், சீக்கிரம். குச்சிகள் சிதறி ஓடும். ஆன நேரத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். அவர் காது சிவந்துபோகும். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. அவர் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. நானும் காய்ச்சலோடுகூட வந்தேன். எனக்குக் கடமையுணர்ச்சி அதிகம் என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இறுகின கையை விரட்டினால் இன்னும் இறுகும். எங்கள் படிப்பில் அரிச்சுவடி அது. எனக்குத் தெரியாமல் இல்லை. நாலாம் வாரம் பெரிய டாக்டர் வந்து விரித்துப் பார்த்தபோது கை முன்னைவிட மோசமாக இருந்தது. இப்படியே போனால் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றவர், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் டிக்டிக்கே முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல டாக்டர். என் கைதான் மந்தம்."

மந்தம். எனக்குச் சுருக்கென்றது. வேலை போன பிறகு இரண்டு வருஷம் நானும் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே மனம் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். செய்தது யார், எதற்காகச் செய்தாள் என்று தெரியாமலேயே இவர் வீட்டுக்குப் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? அதோடு, நொடி எண்ணிப் பிழைத்த மனுஷனுக்கு அவசரம் என்ன பெரிய தண்டனை? மறுநாள் அவர் கடிகாரத்தைக் கழற்றி என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அரைமணி நேரத்துக்கு ஒரே ஒரு பட்டன்தான், அடுத்த பட்டனைத் தொட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் நெளிந்தார். சுவரில் கடிகாரத்தைத் தேடினார். அதையும் முந்தின நாளே இறக்கி வைத்திருந்தேன். ஒரு வாரம் முழுக்க முதல் பட்டனிலேயே போனது. ஆனால் அந்தக் கைக்கு என் நோக்கம் புரியவில்லை. அது பாட்டுக்கு இளகத் தொடங்கியது.

எட்டாம் வாரத்தின் கடைசி நாள். ஐந்து பட்டனையும் தானே போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"நேரம் பாக்கல சார்."

அவரால் நம்ப முடியவில்லை. நான் ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். பதினாலாம் மெஷின் என்றேன். ஊசி, ரத்தம், அவர் சொன்ன வார்த்தை, எதையும் விடாமல் சொன்னேன். முதல் நாலு வாரம் அவர் கையை நான் வேண்டுமென்றே கெடுத்ததையும் சொன்னேன்.

அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஞாபகமே இல்லம்மா. எத்தனையோ பேர்கிட்ட அப்படிப் பேசியிருக்கேன்."

பதினோரு வருஷம் நான் சுமந்தது அவரிடம் துளிகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிராயரைத் திறந்து, கடிகாரத்தை மேசைமேல் வீசாத குறையாக வைத்தேன். அதை அவர் எடுக்கவில்லை. எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"அந்தப் பன்னெண்டு காலர். அதை யாரும்மா தைச்சது?"

"நான்தான்."

"அந்த விரலோடயா?"

"அந்த விரலோடதான்."

திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையின் முதல் பட்டனை, தான் இப்போதுதான் போட்டதை, அந்தக் கையாலேயே இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன். பார்த்தேன். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை, கசக்கவும் இல்லை. வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தேன், நேரம் தாண்டிவிட்டது.

நான் அவரை அவசரப்படுத்தவில்லை.