தோற்ற கிடாயின் குட்டிகள்

என் புருசன் லோகேஸ்வரனுக்குக் கண் இரண்டும் பரிசுக் கோப்பையில்தான். இரத்மலானை ஆட்டுக் கண்காட்சியில் எங்கள் பொலிகிடாய் கறுப்பனுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை என்றதும் மனுசன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். முதலிடம் அப்ஹாமின் வெள்ளைக் கிடாய்க்கு. அது பளபளவென்று இருக்காமல் என்ன செய்யும்? கண்காட்சி முடியும்வரை அதை ஒரு பெட்டை ஆட்டின் பக்கத்திலும் விடமாட்டார்கள். எங்கள் கறுப்பனோ கொட்டாஞ்சேனையில் யார் ஆட்டைச் சினைக்குக் கொண்டுவந்தாலும் இல்லை என்று சொல்லாமல் மெலிந்துபோனவன்.

“இதுக்குத் தீனி போட்டு என்ன பிரயோசனம்? இறைச்சிக்கடை றெஜி வேனோட நிக்கிறார், குடுத்திடுவம். இனி எங்கட ஆட்டை அப்ஹாம்ட கிடாய்க்கு விடுவம்,” என்றார்.

“இஞ்சருங்கோ, கிடாயின்ர வடிவைப் பாத்தாப் போதுமோ? குட்டிகளைப் பாக்க வேணாமோ? குட்டிப் போட்டி இன்னும் முடியேல்லை. கொஞ்சம் பொறுங்கோ.”

“நடுவரை விட உமக்குத் தெரியுமோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதைத்துப் பலனில்லை என்று குட்டிப் போட்டி நடந்த பக்கம் போனேன்.

அங்கே முதற்பரிசு கொம்பனித்தெரு பஹ்மியாவின் குட்டிக்கு. நீண்ட காது, நேரான முதுகு, நெற்றியில் கறுப்பனுக்கு இருக்கிற அதே வெள்ளைச் சுட்டி. இரண்டாம் பரிசு பாமன்கடைக் குட்டிக்கு, அதுவும் கறுப்பனுடையதுதான். தாய்கள் இரண்டையும் எனக்குத் தெரியும். றோட்டில் குப்பை மேய்கிற சாதாரண ஆடுகள். அப்ஹாமின் கிடாய்க்குப் பொறுக்கியெடுத்த நல்லின ஆடுகளைத்தான் விடுவார்கள். அப்படியிருந்தும் அதன் குட்டி ஒன்றுக்கும் இடமில்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பஹ்மியாவையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். மரத்தடியில் கறுப்பன் இல்லை. வேனும் இல்லை. லோகேஸ்வரன் வெறுங்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நான் றெஜிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன்.

“அண்ணா, உங்கட கிடாயாலதான் எங்களுக்குப் பரிசு,” என்றாள் ஒன்றும் அறியாத பஹ்மியா. “அடுத்த மாசம் தாய் ஆட்டைத் திரும்பக் கறுப்பனிட்ட கொண்டு வரட்டா?”

அவர் குட்டியின் நெற்றிச் சுட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். குட்டி அவர் கையிலிருந்த கயிற்றை முகர்ந்தது.

“ஓம், கொண்டு வாங்கோ,” என்றார், என் முகத்தைப் பாராமல்.