முள் திரும்பி வந்த கதை

அந்த இடத்தை நிலம் என்று சொன்னால் நிலத்துக்கே அவமானம். கால் வைத்தால் செருப்பை விழுங்கும் சேறு. பள்ளிக்கூடம் கட்ட அதுதான் கிடைத்தது. பிள்ளைகள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருக்க, வந்த பொறியாளர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டுப் போனார்கள். இவள் ஒருத்திதான், "கல்தூண் இறக்கித் தாங்க வைக்கிறேன்" என்று துணிந்து தலையைக் கொடுத்தாள்.

இயந்திரம் ஓட்டியவர் அவளுடைய அக்கா புருஷன். நல்ல கனமான ஆள். தடதடவென்று அதிரும் நீளக் குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, ஜல்லியைக் கொட்டி, குத்திக் குத்திக் கெட்டிப்படுத்திக்கொண்டே மேலே வருவார். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்தூண் எழும்பும்.

இன்று பாரச் சோதனை. ஒரு தூணின் தலையில் இரும்புத் தட்டை வைத்து, ஜாக்கியால் அழுத்தினார்கள். தட்டு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பக்கத்தில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த அளவுமானியின் முள் காட்டும். அளவுக்கு மீறி இறங்கினால் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். நிலத்தையே கைவிடுவதாகப் பேச்சு. தலைமையாசிரியை முதல் சமையல்காரர் வரை எல்லாரும் சட்டத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாரம் ஏறியது. முள் அசையவே இல்லை.

"டீ வந்தாச்சு!" என்று ஒரு குரல். கூட்டம் கலைந்த அடுத்த நொடி முள் விறுவிறுவென்று ஓடியது. அவள் அலறினாள்.

"அத்தான்! போச்சு, எல்லாம் போச்சு!"

அத்தான் டீயோடு ஓடிவந்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். "என்னம்மா ஆச்சு?"

முள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அழுத்துகிற தட்டு இறங்கலாம், பாரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுமா? அவள் குனிந்து பார்த்தாள். சட்டத்தின் காலடியில் அத்தானின் பூட்ஸ்.

"அத்தான், தள்ளிப் போங்க." முள் ஓடியது. "வாங்க." வந்தது. "போங்க."

"ஏம்மா, என்னை வச்சு வித்தை காட்டுறியா?"

"இறங்குனது தூண் இல்ல அத்தான்! நீங்க நின்ன சேறு! அதோட சட்டமும் இறங்கியிருக்கு, நீங்க நகர்ந்ததும் மேல வந்திருக்கு! உங்களையெல்லாம் பக்கத்துல விட்டுட்டு ஆரம்பிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பாரத்தை இறக்கி, கயிறு கட்டி, எல்லாரையும் வேலியோரம் விரட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். வெயில் சாயும்போது முழுப் பாரமும் ஏறியிருந்தது. முள் லேசாக நகர்ந்து, அப்படியே நின்றது.

"தாங்கிடுச்சு!" என்று கத்தினாள். வேலியோரம் ஒரே விசில். அத்தான் சேற்றிலேயே ஆடினார்.

தலைமையாசிரியை வேலியோரத்திலிருந்து இறங்கி வந்தார். ஒரு குச்சியை எடுத்துத் தரையில் நீளமாகக் கோடு கிழித்தார். இன்னொரு கோடு. வாசலுக்கு இடைவெளி. அவள் ஆசையோடு அருகே போனாள்.

"ஏய், சேத்துக்காலோட வகுப்புக்குள்ள வராதே!"

அவள் கோட்டருகே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கட்டினாள்.

"உள்ள வரலாமா, டீச்சர்?"