நாற்பத்தெட்டு போல்ட்டுகள்

என் மகள் வங்கி வேலையை விட்டுவிட்டு சைக்கிள் மிதிக்கும் கூடம் திறக்கப்போகிறாள் என்ற செய்தி பரவியதும், வீட்டில் இழவு விழுந்ததுபோல் உறவினர்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்தார்கள். என் மனைவியின் தம்பி ஒரு படி மேலே போனார்.

"மிதிச்சா நகரணும் அத்தான், அதுதான் சைக்கிள். ஒரே இடத்துல நிக்கிற சைக்கிளை மிதிக்க எவன் வருவான்?"

எனக்கு உச்சந்தலையில் நெருப்புப் பற்றியது. "நீ முப்பது வருஷம் ஒரே நாற்காலியில உட்கார்ந்து சம்பளம் வாங்கலையா? அது எங்கப்பா நகர்ந்துச்சு?" என்றேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்தான், மூன்று மாதம் எங்கள் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கூடம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கீழே ஒரு பல் மருத்துவர். மேலே எங்கள் பன்னிரண்டு சைக்கிள்கள், நாலு நாலாக மூன்று வரிசை. எதிரே மரமேடையில் சொல்லிக்கொடுப்பவருக்கு ஒன்று. டயர் கிடையாது, மணி கிடையாது. முன்னால் ஆட்டுக்கல் கனத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம் மட்டும். விளக்கைத் தணித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். மகள் மேடையிலிருந்து ஏவ, பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று முக்கால் மணி நேரம் மிதிப்பார்கள். முடிந்து இறங்கும்போது ஒவ்வொருவர் கீழும் ஒரு சின்ன ஏரி இருக்கும். மீன் பிடிக்கலாம்.

நான் நூல் மில்லில் முப்பத்துநாலு வருடம் இயந்திரப் பராமரிப்பு ஃபோர்மேனாக இருந்தவன். தரையோடு பிணைக்காத இயந்திரம் கயிறு அறுந்த காளை என்பது எங்கள் பிரிவின் வேதம். பிணைக்காத மோட்டார் ஒன்று மதிய வேளையில் தானாக நடந்து கேன்டீன் வரைக்கும் போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேன்டீன் வாசல்வரை என்று சொன்னால் நம்புவீர்கள் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவனிடம்தான் மகள் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போனாள். போகும்போது சொன்னாள்: "பெயின்ட் அடிக்கிறவர் வந்தா கதவைத் திறந்து விடுங்கப்பா. அவ்வளவுதான் உங்க வேலை. வேற எதையும் தொடாதீங்க."

தொடாதே என்று என்னிடம் சொன்னது அவள் தப்பு.

ஒவ்வொரு சைக்கிளுக்கும் அடியில் இரண்டு விரல் தடிமனில் கறுப்பு ரப்பர் விரித்திருந்தாள். இரும்புக்கு எதற்கு மெத்தை? அதற்கென்ன இடுப்பு வலியா? ஒரு சைக்கிளைத் தள்ளிப் பார்த்தேன். எள்ளளவு அசைந்தது. என் கண்ணுக்கு அது யானை ஊஞ்சலாடியதுபோல் இருந்தது. எழுந்து நின்று மிதிக்கிறவர்கள் ஏறினால் கவிழ்ந்து மண்டை உடையாதா? என் மகள் கூடத்தில் மண்டை உடைய நான் உயிரோடு இருக்கும்வரை விடுவேனா?

வீட்டுக்குப் போய் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்தேன். கால் இருக்கும் இடத்தில் ரப்பரை வட்டமாக வெட்டி, இரும்புக் கால் நேராகக் கான்கிரீட்டில் உட்காரும்படி இறக்கினேன். தரையில் துளை போட்டு, உள்ளே போய் விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட் அடித்து முடுக்கினேன். சைக்கிளுக்கு நாலு கால். பன்னிரண்டுக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு. மேடை மரம் என்பதால் அதை மட்டும் மன்னித்தேன். வெட்டிய ரப்பரை வளையமாக்கி மேலே மூடிவிட்டேன், வெளியே ஒன்றும் தெரியாது. பெயின்டர் தூரிகையும் கையுமாக என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு சுவரில் மூன்று பூச்சு அடித்துவிட்டார். முடித்ததும் சைக்கிளைப் பிடித்து இழுத்தேன். கட்டடம் பெயர்ந்து வருமே தவிர சைக்கிள் வராது. நூறாவது வகுப்பு அன்று சொல்லி அவளை அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

திறந்த அன்றே பன்னிரண்டு இடமும் நிரம்பின. மூன்றாம் நாள் மாலை பல் மருத்துவர் படியேறி வந்தார். மெலிந்த மனிதர். முகக்கவசம் தாடையில் தொங்க, பூனைபோல மெல்லிய குரலில் பேசினார். வகுப்பு நடக்கும்போது தன் அறையே அதிர்கிறது, கை நிலைக்க மாட்டேன் என்கிறது என்றார். மகள் பதில் சொல்வதற்குள் நான் புகுந்தேன்.

"நாள் முழுக்க பல்லைக் குடையிற சத்தம் உங்ககிட்டேயிருந்து வருதே. அதை நாங்க பொறுத்துக்கலையா சார்?"

"சத்தத்தைச் சொல்லலைங்க," என்றார். "பாட்டு எனக்குக் கேக்கவே இல்ல. அதிர்வைச் சொல்றேன்."

என்ன அகங்காரம் பாருங்கள். பாட்டே கேட்காத அதிர்வாம். இவருக்குக் கை நடுங்குகிறது, பழி எங்கள் தரை மேல். ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாம். அன்றிரவே கட்டட உரிமையாளருக்கு நாலு பக்கம் எழுதினேன். மறுநாள் ஆறு பக்கம்.

மகள் என்னைப்போல் கொதிக்கவில்லை. பாட்டைக் குறைத்தாள். எழுந்து நின்று மிதிப்பதை நிறுத்தினாள். உட்கார்ந்தே மிதிக்க எதற்கு இங்கே வரவேண்டும் என்று நாலு பேர் நின்றுவிட்டார்கள். அதிர்வு குறையவில்லை. பிறகு ரப்பர் விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தாள். தரமான ரப்பர்தான், இதற்கென்றே செய்தது, எங்கேயும் புகார் வந்ததில்லை என்று அவர் சத்தியம் செய்தார். நான் தொலைபேசியைப் பிடுங்கி, ரப்பர் மரம் வெட்கப்படும் அளவுக்கு அவரைத் திட்டினேன். ஏமாற்றுக்காரன் என்றேன். அவர் அப்பாவையும் விட்டுவைக்கவில்லை.

உரிமையாளர் என் பத்துப் பக்கத்துக்கு இரண்டு வரியில் பதில் அனுப்பினார். சனிக்கிழமைக்குள் அதிர்வு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அதைப் படித்துவிட்டு மகள் வெறும் கூடத்தில் ஒரு சைக்கிள்மேல் ஏறி, மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடம் வங்கி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கனவு கண்ட கூடம் இது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. புதன்கிழமை, ஐந்து மணி வகுப்பு தொடங்குவதற்குச் சற்றுமுன், அந்தப் பல்காரரை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கீழே இறங்கினேன்.

முப்பது வினாடி கத்தினேன். அவர் கையைக் கழுவித் துடைத்தபடி கேட்டுவிட்டு, நோயாளி நாற்காலியைக் காட்டினார்.

"அஞ்சு நிமிஷம் இதுல படுங்க. அதுக்கப்புறமும் திட்டணும்னா திட்டுங்க."

சவால் விட்டால் ஓடுகிறவனா நான்? படுத்தேன். மேலே வகுப்பு தொடங்கியது. முதலில் தட்டில் இருந்த கொக்கிகள் ஒன்றோடொன்று கிசுகிசுத்தன. அப்புறம் தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அலையடித்தது. பாட்டு உண்மையிலேயே கேட்கவில்லை. கூரையைப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு சின்னச் சின்ன வட்டங்களாக உப்பி உரிந்திருந்தது. இங்கே நாலு. நாலைந்து அடி தள்ளி நாலு. அதற்கப்பால் நாலு. நூல் பிடித்ததுபோல் வரிசை.

அவ்வளவு நேர்த்தியாக அளவெடுத்துத் துளை போட இந்த ஊரிலேயே ஒருவனால்தான் முடியும்.

மில்லில் இயந்திரங்கள் மண்மேல் நின்றன, அவற்றின் அடியில் பல் மருத்துவர் யாரும் இல்லை. இங்கே இரும்பின் உதறலை ரப்பர் குடிக்கவேண்டும். அந்த ரப்பரை வெட்டி எடுத்துவிட்டு, உதறலுக்கு நாற்பத்தெட்டு குழாய் போட்டு டாக்டரின் தலையில் நேராக ஊற்றியிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. மகள் செலவில் மகளுக்கே வைத்தவன் நான்.

"என்ன சார், திட்டலையா?" என்றார் டாக்டர்.

வகுப்பு முடியும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பேரும் வியர்வையோடு இறங்கிப் போனார்கள். உள்ளே போனேன். மகள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வளையத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்ததை.

"எத்தனை?"

"நாற்பத்தெட்டு."

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல அப்பா."

"விழுந்துடுவாங்களேன்னு..."

"அந்த ரப்பர்க்காரர் மேல நான் சந்தேகப்பட்டேன். நீங்க போனைப் பிடுங்கி என்னவெல்லாம் பேசுனீங்க."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கத்தவில்லை. துண்டை வைத்துவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். மில் ஜெனரல் மேனேஜரிடமே தலை குனியாதவன், ஒரு ரப்பர் வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய அப்பாவுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு. அந்த மனிதர் சிரித்துவிட்டு, மறுநாளே புது ரப்பர் அனுப்புவதாகச் சொன்னார். அவர் சிரித்ததை இன்றைக்கும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

வியாழனும் வெள்ளியும் வகுப்பு இல்லை. நான் அறுக்கும் மெஷினை எடுத்தபோது மகள் வாங்கிக்கொண்டாள். "நான் அறுக்கிறேன். நீங்க எண்ணுங்க." போல்ட் தலைகளைத் தரை மட்டத்துக்கு அறுத்தாள், துளையைப் பூசினாள், புது ரப்பரை விரித்தாள். ஒன்று, இரண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பாதியில் ஒரு யோசனை சொல்ல வாயெடுத்தேன். "எண்ணுங்கப்பா," என்றாள்.

சனிக்கிழமை காலை உரிமையாளர் வந்தார். அதிர்வு நின்றதா என்பதைத் தானே முடிவு செய்வதாக டாக்டர் சொன்னார். தட்டையும் தம்ளரையும் பார்த்தால் போதாதாம். வேலை செய்துபார்த்தால்தான் தெரியுமாம். ஆனால் நோயாளி எவரையும் வைத்துச் சோதிக்க மனம் வரவில்லையாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உரிமையாளரும் பார்த்தார். மகளும் பார்த்தாள், அவள்தான் முதலில் சிரித்தவள்.

"அப்பாவுக்குக் கடைவாய்ல ஒண்ணு சொத்தை இருக்கு டாக்டர்," என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினாள்.

பெற்றவனுக்கு இதுதான் மரியாதை. நின்றுபோன நாலு பேரையும் கெஞ்சி வரவழைத்திருந்தாள். பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று மிதிக்கப்போகிறார்கள், கீழே நான் வாயைப் பிளந்து கிடக்கிறேன், அவர் கையில் கருவி சுழல்கிறது. கை ஒரு நூல் பிசகினாலும் என் நாக்கில் சித்திர வேலைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். தம்ளரில் தண்ணீர் கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது. கொக்கிகள் ஊமையாகக் கிடந்தன. சுவர்க்கடிகாரம் மட்டும் நகர்ந்தது.

டாக்டர் கருவியை நிறுத்தி உரிமையாளரைத் திரும்பிப் பார்த்தார். "மேல இன்னும் ஆரம்பிக்கலையா?"

ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகிறது. அதைக் கத்திச் சொல்லத் துடித்தேன். வாயில் பஞ்சும் குழாயும் இருந்தன, இருபதுக்கு அடையாளமாக இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகுமாம்," என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, டாக்டர் அடுத்த பல்லையும் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.